கட்டி முடித்து, ஓட்டாமல் விட்ட அணு உலை: ஆஸ்திரியாவின் ஸ்வென்டென்டார்ஃப்

வியன்னாவுக்கு மேற்கே, டான்யூப் ஆற்றின் கரையில் ஸ்வென்டென்டார்ஃப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓர் அணுமின் நிலையம் முழுமையாக நிற்கிறது. கொதிநீர் உலை, சுமார் 700 மெகாவாட் திறன், 110 மீட்டர் உயரப் புகைபோக்கி, விசையாழி, கட்டுப்பாட்டு அறை என்று எதிலும் குறையில்லை. அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த உலைக்குள் அணுப்பிளவு ஒரு கணம்கூட நடந்ததில்லை. 1978 நவம்பர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கதை அத்துடன் முடிந்தது.

அணுசக்தியும் பொதுமக்கள் கருத்தும் என்று பேச்சு எழுந்தாலே இந்த நிகழ்வு மேற்கோள் காட்டப்படுகிறது. எதிர்ப்பாளர்களுக்கு இது மக்கள் சக்தியின் வெற்றி. ஆதரவாளர்களுக்கு, பயம் அறிவை வென்றதற்கு உதாரணம். இரண்டு வாசிப்புகளும் ஆஸ்திரிய மக்களிடம் தெளிவான ஒரு கருத்து முன்பே இருந்தது, கொள்கை அதற்குப் பணிந்தது என்று எடுத்துக்கொள்கின்றன. ஆவணங்களையும் எண்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு கருத்தின் மீது சட்டம் வந்து உட்கார்ந்தது. ஒருமித்த கருத்து அதற்குப் பிறகுதான் உருவானது.

தொடக்கம்: யாரும் கேட்காத காலம்

அணுமின் நிலையம் கட்டும் கொள்கை முடிவை எடுத்தது 1969-இல் ஆட்சியில் இருந்த ஜோசஃப் கிளாஸ் தலைமையிலான மக்கள் கட்சி அரசு. 1970-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் புரூனோ கிரைஸ்கி பிரதமரானார். திட்டத்தை அப்படியே தொடர்ந்தார். 1972 ஏப்ரலில் கட்டுமானம் தொடங்கியது. மத்திய மின் நிறுவனம் பாதிப் பங்கையும் மாநில மின் நிறுவனங்கள் மறு பாதியையும் வைத்திருந்தன. 1970-களின் நடுவில் வகுத்த எரிசக்தித் திட்டத்தில் மூன்று அணு உலைகள் இருந்தன. ஸ்வென்டென்டார்ஃப் அவற்றில் முதலாவது.

அன்றைக்கு இது எவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமையகம் 1957 முதல் வியன்னாவில் இருக்கிறது. வியன்னா பிராட்டர் பகுதியில் பல்கலைக்கழக ஆய்வு உலை 1962-லிருந்து ஓடுகிறது (இன்றும்தான்). ஆல்ப்ஸ் ஆறுகளின் நீர்மின்சாரம் நாட்டின் தேவையில் பெரும்பங்கைத் தந்தது. ஆனால் ஆறுகளில் நீர் குறையும் குளிர்காலத்துக்கு வேறு மூலம் வேண்டியிருந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி அந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. பொறியாளர்களுக்கு இது கூட்டல் கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். எதிர்ப்பு இருந்தது, ஆனால் சிறு குழுக்களின் துண்டறிக்கை அளவில்.

விளக்கக் கூட்டங்கள் விளைவித்தது

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நின்று பார்த்த இடம் 1976–77. எதிர்ப்பு மெல்ல வளர்வதைக் கண்ட அரசு, நாடு தழுவிய விளக்கக் கூட்டங்களை ஏற்பாடு செய்தது. உலைப் பாதுகாப்பு, கதிர்வீச்சு, கழிவு, பொருளாதாரம் என்று தலைப்பு பிரித்து வெவ்வேறு நகரங்களில் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஆதரவு நிபுணர்கள் மட்டும் இல்லை. எதிர்ப்பு நிபுணர்களுக்கும் நாற்காலி கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது மிகவும் நேர்மையான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். மக்களுக்கு விஷயம் தெரியவில்லை, தெரிந்தால் பயம் போய்விடும் என்பது அரசின் எண்ணம்.

பயம் போகவில்லை. அரங்கில் உட்கார்ந்திருந்தவர் குறைந்த அளவுக் கதிர்வீச்சின் விளைவைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்திருக்க மாட்டார். ஆனால் ஒன்றை அவர் கண்ணால் பார்த்தார்: ஒரே துறையில் பட்டம் பெற்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். அதுவரை அணுசக்தி நிபுணர்கள் முடிவு செய்யும் விஷயமாக இருந்தது. நிபுணர்களே உடன்படவில்லை என்றால் முடிவு செய்யும் உரிமை நமக்கும் உண்டு என்ற எண்ணம் கூட்டத்தோடு வீட்டுக்குப் போனது. சிதறிக் கிடந்த எதிர்ப்புக் குழுக்களுக்கோ இது அரசு செலவில் கிடைத்த மேடை. 1976-இல்தான் அவை நாடளாவிய கூட்டமைப்பாக ஒன்று சேர்ந்தன. சில கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன. 1977-இல் அரசு அந்தத் தொடரை முடித்துக்கொண்டது.

விவரம் போதாததால்தான் எதிர்க்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு இன்றும் பல நாடுகளின் எரிசக்தித் துறைகள் வண்ணக் கையேடுகள் அச்சடிக்கின்றன. ஆஸ்திரியாவின் அனுபவம் அவர்களுடைய பயிற்சி வகுப்புகளில் இடம்பெற வேண்டிய ஒன்று. விவரம் கொடுக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முடிவை முன்பே எடுத்து, கட்டுமானத்தையும் பெரும்பாலும் முடித்துவிட்டு, அதன்பின் கொடுக்கும் விவரம் விற்பனைப் பேச்சாகத்தான் காதில் விழும். 1971-இல், வெறும் நிலமாக இருந்தபோது, இதே கூட்டங்களை நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உண்மையிலேயே திறந்த கேள்வி.

கழிவு விஷயம் தனிச் சிக்கல். உலை ஓடினால் எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அரசிடம் உறுதியான பதில் இல்லை. வடக்கே வால்ட்ஃபீர்டெல் பகுதியின் பெயர் அடிபட்டது. அங்கே விவசாயிகளும் உள்ளூர் மன்றங்களும் கொதித்தெழுந்தார்கள். வெளிநாடுகளோடு பேசிப் பார்த்தும் கையில் ஒப்பந்தம் எதுவும் வரவில்லை. உலைப் பாதுகாப்பு பற்றிய வாதத்தில் சாதாரண மனிதர் தடுமாறலாம். இருபத்துநான்காயிரம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியத்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்க அவருக்குப் பட்டம் தேவையில்லை.

1978: எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஆண்டு

அந்த ஆண்டின் தொடக்கத்தில் எரிபொருள் தொகுதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கின. சாலையில் கொண்டுவந்தால் மறியல் நடக்கும் என்ற முன்னெச்சரிக்கை. பாதுகாப்பானது என்று சொல்லப்படும் ஒன்றை ஆகாய வழியாக, காவலோடு கொண்டுவந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 18 அன்று ஜெர்மனியின் புருன்ஸ்பியூட்டல் அணுமின் நிலையத்தில் ஒரு குழாய் உடைந்து, கதிரியக்கம் கலந்த நீராவி வெளியேறியது. உலை உடனே நிறுத்தப்படவில்லை. நிறுத்தம் ஏற்படாமல் இருக்கத் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பில் ஊழியர்கள் கைவைத்தது பிறகு தெரியவந்தது. உயிரிழப்பு இல்லை. அளவில் சிறிய விபத்துதான். ஆனால் புருன்ஸ்பியூட்டலும் ஸ்வென்டென்டார்ஃபும் ஒரே நிறுவனத்தின் ஒரே வடிவமைப்பு, உடன்பிறந்த உலைகள். எதிர்ப்பாளர்கள் இதற்கு மேல் எதைத் தேட வேண்டும்? வியன்னா பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் அலெக்சாண்டர் டோல்மான் நிலநடுக்க ஆபத்தை முன்வைத்து ஊர் ஊராகப் பேசினார். கட்டுமானம் தொடங்கிய அதே 1972 ஏப்ரலில் கிழக்கு ஆஸ்திரியாவை ஒரு நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. அந்த நினைவு அவருக்குத் துணை நின்றது.

அரசியல் களம் இன்னும் சுவையானது. திட்டத்தைத் தொடங்கிய மக்கள் கட்சி இப்போது எதிர்க்கட்சி. ஜோசஃப் டாஸ் தலைமையில் அது அணுசக்தியைக் கொள்கையளவில் ஏற்றது. இந்த உலையை இப்போது இயக்குவதற்கு மட்டும் பாதுகாப்பு உறுதி போதாது என்றது. பொறுப்பை கிரைஸ்கி தனியாகச் சுமக்கட்டும் என்பதே அதன் பொருள். தொழிற்சங்கங்களும் தொழிலதிபர்களும் ஒரே பக்கம், ஆதரவாக. ஆளுங்கட்சியின் இளைஞர்கள் எதிர்ப்புப் பக்கம். பிரதமரின் சொந்த மகன் பீட்டர் கிரைஸ்கியும் அவர்களில் ஒருவர். நாடாளுமன்றப் பெரும்பான்மையை வைத்து உலையை இயக்கச் சட்டரீதியாக எந்தத் தடையும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு தேர்தல். இந்தச் சுமையோடு தேர்தலுக்குப் போக மனமில்லாத கிரைஸ்கி, முடிவைப் பொதுவாக்கெடுப்புக்கு அனுப்பினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய குடியரசில் இதுவே முதல் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு.

வெற்றி உறுதி என்றுதான் அரசு நம்பியது. வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது, தோற்றால் பதவி விலகுவதும் சாத்தியம் என்ற தொனியில் கிரைஸ்கி பேசினார். தன் செல்வாக்கை உலைக்குக் கடன் கொடுக்கப் பார்த்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட வேலை அது. அணுசக்தியில் ஆட்சேபம் இல்லாத மக்கள் கட்சி வாக்காளருக்கு, கிரைஸ்கியை வீட்டுக்கு அனுப்ப வாராது வந்த வாய்ப்பு. அவர் வேண்டாம் என்று குத்தினார். உலையில் ஐயம் கொண்ட ஆளுங்கட்சி வாக்காளருக்கோ தலைவரை வீழ்த்தவும் மனமில்லை, உலையை ஆதரிக்கவும் மனமில்லை. அவர்களில் பலர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை.

எண்களை உற்றுப் பார்த்தால்

வேண்டாம் என்றவை 16,06,308 வாக்குகள். வேண்டும் என்றவை 15,76,839. வித்தியாசம் 29,469. வாக்குப்பதிவு சுமார் 64 சதவீதம். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே நாட்டில் 92 சதவீதம் பேர் வாக்களித்தார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால் அந்த 64-இன் கனம் புரியும். பொதுத்தேர்தலுக்கு வரக்கூடியவர்களில் கால்வாசிக்கும் மேலானோர் அன்று வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

மாநில வாரியாகப் பார்த்தால் இன்னும் வியப்பு. வியன்னா, பூர்கென்லாண்ட் போன்ற கிழக்குப் பகுதிகள் ஆதரித்தன. உலை நிற்கிற கீழ் ஆஸ்திரியா மாநிலத்திலேயே நூலிழையில் ஆதரவுதான் வென்றது. எதிர்ப்பு மேற்கே போகப் போக ஏறியது. நாட்டின் மேற்கு முனையில், சுவிஸ் எல்லையை ஒட்டிய ஃபோரார்ல்பெர்க்கில் 84 சதவீதத்துக்கும் மேல் எதிர்ப்பு. உலையிலிருந்து அதுதான் மிகத் தொலைவான மாநிலம். என் கொல்லையில் வேண்டாம் என்ற மனப்பான்மைதான் அணு எதிர்ப்பு என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த வரைபடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஃபோரார்ல்பெர்க்குக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் ரைன் பள்ளத்தாக்கில் ரூட்டி என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்ட சுவிட்சர்லாந்து திட்டமிட்டிருந்தது. ஃபோரார்ல்பெர்க் மக்கள் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடிப் பழகியிருந்தார்கள். அண்டை நாட்டு உலையை வேண்டாம் என்றவர்கள் சொந்த நாட்டு உலையை எந்த முகத்தோடு ஏற்பார்கள்? இரண்டாவது காரணம் வியன்னா மீதான பழைய கசப்பு. 1964-இல் ஃபூசாக் துறையில் ஒரு கப்பலுக்கு சமூக ஜனநாயகத் தலைவர் கார்ல் ரென்னரின் பெயரை வைக்க மத்திய அரசு முனைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு விழாவையே குலைத்து, தங்கள் மாநிலத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தலைநகரிலிருந்து வரும் எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் ஊர் அது.

ஆக, வாக்குச்சீட்டில் கேட்ட கேள்வி ஒன்று. மக்கள் பதில் சொன்ன கேள்விகள் பல. கதிர்வீச்சு, கழிவு, கிரைஸ்கி, வியன்னா, நிபுணர்கள் மீதான நம்பிக்கை என்று எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்தன. இந்த 50.47-ஐ அணுசக்தி பற்றிய மக்கள் தீர்ப்பு என்று படிப்பது, 49.53-ஐ ஆதரவின் ஆழம் என்று படிப்பதைப் போலவே மேலோட்டமானது.

பிறகு நடந்த விந்தை

கிரைஸ்கி விலகவில்லை. தோல்வியை உடனே ஏற்றார். நாற்பது நாள் கழித்து, 1978 டிசம்பர் 15 அன்று, மின் உற்பத்திக்காக அணு உலை கட்டக் கூடாது, ஏற்கெனவே கட்டியிருந்தால் இயக்கக் கூடாது என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. பாதி நாடு ஆதரித்த ஒன்றுக்கு ஆதரவாக அங்கே ஒரு வாக்குக்கூட இல்லை. பிரச்சினை மேசையிலிருந்து அகன்றது. 1979 மே தேர்தலில் கிரைஸ்கி 51 சதவீத வாக்கோடு தனிப்பெரும்பான்மை பெற்றார். உலை தோற்று, அதைக் கட்டியவர் வென்றார். மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று கொள்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சட்டம் வந்ததும் கருத்து மாறிவிடவில்லை. 1980-இல் உலையை இயக்கக் கோரும் மனுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். தடையை வலுப்படுத்தக் கோரிய மனுவுக்குக் கிடைத்தது சுமார் ஒன்றரை லட்சம். அதாவது 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்த பிறகும், ஒழுங்காகத் திரட்டினால் ஆதரவு அணிக்கே அதிகக் கையெழுத்து விழுந்தது. உரிமை நிறுவனமும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. உலையைத் துரு ஏறாமல், ஈரம் படாமல், ஊழியர்களோடு ஆண்டுக்கணக்கில் பேணியது. 1985 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தும் முயற்சிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. அதன்பின்தான் பாகம் பாகமாக விற்கும் முடிவு வந்தது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்தது. கதிரியக்கப் படிவு அதிகமாக விழுந்த மேற்கு ஐரோப்பிய நாடுகளில் ஆஸ்திரியாவும் ஒன்று. எதிர்ப்பு இயக்கத்தில் முன்னணியில் நின்ற ஃப்ரெடா மைஸ்னர்-பிளாவ் அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். நவம்பரில் பசுமைக் கட்சி முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் வந்தது. என் கணிப்பில் ஒருமித்த கருத்தின் பிறந்த ஆண்டு இதுதான், 1978 அல்ல. செர்னோபில் எல்லா நாடுகளையும் உலுக்கியது. ஆனால் உலைகள் ஓடிக்கொண்டிருந்த நாடுகளில் பயத்துக்கு எதிராக வேலைவாய்ப்பும் மின்கட்டணமும் நின்றன. ஆஸ்திரியாவில் இழக்க எதுவும் இல்லை. நாம் அன்றே சரியாகச் சொன்னோம் என்ற பெருமை மட்டும் மிஞ்சியது. 1978-இல் வேண்டும் என்று குத்தியவர்களும் அந்தப் பெருமையில் பங்கு கேட்டார்கள். 1999-இல் அணுசக்தி இல்லாத ஆஸ்திரியா என்பது அரசியலமைப்புச் சட்டமாகவே ஆனது.

சுவீடனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1980 மார்ச்சில் அங்கும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் இருந்த மூன்று விருப்பங்களுமே ஏதோ ஒரு வகையில் அணுசக்தியைக் கைவிடுவதைப் பேசின. ஆனால் உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்செபெக்கின் முதல் உலையை மூட 1999 வரை ஆனது, இரண்டாவதுக்கு 2005. பழைய உலைகளுக்குப் பதில் புதியவை கட்ட 2010-இல் நாடாளுமன்றம் வழி திறந்தது. வாக்கெடுப்பில் கிடைத்த பதிலைவிட, அன்றைக்குச் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்பது பிற்காலத்தை அதிகம் தீர்மானித்திருக்கிறது.

கணக்கு

கட்டுமானமும் 1985 வரையிலான பராமரிப்பும் சேர்ந்து சுமார் 1,400 கோடி ஷில்லிங் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. யூரோவில் ஏறக்குறைய 100 கோடி. பொது நிறுவனங்களின் பணம், ஆகவே மின்கட்டணம் செலுத்தியவர்களின் பணம்.

மின்தேவைக்கு மாற்றாக வந்தது எது என்பது எதிர்ப்புத் தரப்பு அதிகம் பேச விரும்பாத பகுதி. ஸ்வென்டென்டார்ஃபுக்கென்று போட்ட மின்பாதைகள் வீணாகக் கூடாது என்று பக்கத்திலேயே டூர்ன்ரோரில் நிலக்கரி மின் நிலையம் எழுந்தது. 1980-களின் பிற்பாதியிலிருந்து 2019 வரை அங்கே இறக்குமதி நிலக்கரி எரிந்தது. நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையம் மூடப்பட்டது 2020-இல். அணு வேண்டாம் என்ற முடிவை முப்பது ஆண்டு நிலக்கரிப் புகையோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். மறுபக்கம், ஒருமுறை வேண்டாம் சொல்லிப் பழகிய சமூகம் நீர்மின் திட்டத்துக்கும் அதையே சொன்னது. 1984 டிசம்பரில் ஹைன்பூர்க் அணைத் திட்டத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் கடும் குளிரில் டான்யூப் கரைக் காட்டில் முகாமிட்டார்கள், அரசு பின்வாங்கியது, அந்தக் காடு 1996-இல் தேசியப் பூங்கா ஆனது.

நிலையத்தை 2005-இல் கீழ் ஆஸ்திரிய மின் நிறுவனம் வாங்கியது. இப்போது வளாகத்தில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. உள்ளே பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். கொதிநீர் உலையில் நீராவியைப் பிரிக்கும் கருவிகள் மேலே இருப்பதால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் கீழிருந்துதான் நுழையும். அழுத்தக் கலனின் அடியில், அந்தத் தண்டுகளின் இயக்கக் குழாய்கள் காடாகத் தொங்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஓடிய உலையில் இப்படிச் சாவகாசமாக நிற்கக் கதிர்வீச்சு விடாது. அதனாலேயே ஜெர்மன் உலைகளின் தொழில்நுட்பர்கள் பயிற்சிக்காக இங்கே வந்தார்கள். உதிரி பாகங்களும் இங்கிருந்து அங்கே போயின. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது.

எல்லைக்கு அப்பால்

சொந்த உலை இல்லாத நாட்டின் கவனம் அண்டை நாட்டு உலைகள் மீது திரும்பியது. செக் குடியரசின் டெமெலின் நிலையம் 2000-இல் இயங்கத் தொடங்கியபோது ஆஸ்திரியர்கள் எல்லைச் சாலைகளை மறித்தார்கள். 2002 ஜனவரியில் டெமெலினுக்கு எதிரான மனுவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1980-இன் ஒன்றரை லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1978-இல் ஒருவருக்கொருவர் எதிரே நின்ற குடும்பங்கள் இப்போது ஒரே வரிசையில்.

இதனிடையே அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் இறக்குமதியாகிக்கொண்டும் இருக்கிறது. கம்பியில் வரும் மின்சாரத்தில் எது அணு, எது காற்று என்று பிரிக்க முடியாது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எழுந்த விவாதத்தில், விற்கும் மின்சாரம் அத்தனைக்கும் மூலச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் செய்து இந்தச் சங்கடத்தைக் காகிதத்தில் தீர்த்தார்கள். இயற்பியலுக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. வாக்காளருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

பிரிட்டனின் ஹிங்க்லி பாயின்ட் சி உலைக்கு அரசு உதவி அளிக்க ஐரோப்பிய ஆணையம் அனுமதித்ததை எதிர்த்து ஆஸ்திரியா ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டம்பரில் தோற்றது. அணுசக்தியை ஐரோப்பிய ஒன்றியத்தின் பசுமை முதலீட்டுப் பட்டியலில் சேர்த்ததை எதிர்த்து 2022-இல் தொடுத்த வழக்கை லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வழக்குகள் தோற்கலாம் என்று தொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவற்றில் தோற்றதற்காக வியன்னாவில் எந்தக் கட்சியும் வாக்காளரிடம் விலை கொடுக்கவில்லை. தொடுக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருக்கும்.